பொன்முடி: மழையும் அதன் பதிவேடுகளும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1100 மீட்டர் உயரத்தில் அமைந்தது பொன்முடி. அடிவாரத்தில் கல்லாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து உச்சிவரை 22 கொண்டை ஊசி வளைவுகள். இவ்வூரின் வரலாற்றை எழுத முனைவோர் அரசர்களின் பட்டியலைவிட மழையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை அரபிக்கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று இம்மலைச் சுவரில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகிறது. அடுத்து வடகிழக்குப் பருவமழையும் இதனைத் தொடுகிறது. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிகளைவிட இங்கு வறண்ட மாதங்கள் குறைவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், கடற்கரையின் புழுக்கமும் இங்கில்லை. இம்மலைத் தொடரின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி மழைமறைவு நிலத்தை வளப்படுத்த, மேற்குச் சரிவில் கல்லாறு வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து அரபிக்கடலை நோக்கி ஓடுகிறது.

இவ்வானிலையை முறையாக அளக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சுவாதித் திருநாள் ஆட்சியில், 1837இல், திருவனந்தபுரம் வானாய்வகம் நிறுவப்பட்டது. 1852இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் புரோன், 1855இல் பொன்முடிக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரிலுள்ள 1868 மீட்டர் உயர அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். கீழேயும் மேலேயும் ஒருசேரக் காற்றழுத்தம், வெப்பம், புவிக்காந்தம் ஆகியவற்றை அளந்து ஒப்பிடுவதே நோக்கம். அந்நோக்கீடுகள் பின்னர் லண்டனில் நூலாக வெளிவந்தன. ஆனால் நுண்கருவிகளும் கட்டடப் பொருள்களும் சாலையில்லாத காட்டில் மனிதத் தோள்களில்தான் மேலேறியிருக்க முடியும். அத்தோள்களின் வரலாறு அந்த அட்டவணைகளுக்குள் இல்லை.

அடுத்து அதே மழையைத் தேடி வந்தது தோட்டத் தொழில். 1869இல் இலங்கையில் தோன்றிய காப்பி இலைத்துரு நோய் தென்னிந்தியாவுக்கும் பரவ, திருவிதாங்கூர் மலைகளில் தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினர். பொன்முடியை அடுத்த மெர்ச்சிஸ்டன், அகத்தியர் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள போனக்காடு ஆகிய தோட்டங்களின் பெயர்களே வந்தவர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. முன்னது எடின்பரோ நகரின் ஒரு பகுதி. பின்னது அபர்டீன் நகரின் முழக்கமான 'போன் அக்கார்டு' என்பதன் திரிபு. திருவிதாங்கூர் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் குளிர்ச்சி என்பது ஓய்வன்று. லயங்களின் ஈரமும் அட்டைக் கடியுமாகும்.

இவர்கள் அனைவருக்கும் முன்பே இம்மழையை அறிந்தவர்கள் காணிக்காரர்கள். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் மறுசீரமைக்கப்பட்டபோது, அம்மக்கள் கேரளத்தவராகவும் தமிழகத்தவராகவும் பிரிந்தனர். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றபோது, மலையின் ஒருமை மீண்டும் ஏற்கப்பட்டது. மக்களின் ஒருமை குறித்த பேச்சு குறைவே.

இன்று பொன்முடியின் மூடுபனி சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி. கனமழை நாட்களில் மண்சரிவுக்கு அஞ்சி மலைச்சாலை மூடப்படும்போது மட்டும், இது எத்தகைய மழை என்பது மீண்டும் நினைவுக்கு வருகிறது. போனக்காட்டில் தேயிலை ஆலை ஓய்ந்துவிட்டது. அங்குள்ள கைவிடப்பட்ட துரை பங்களாவின் பேய்க்கதையை அறிந்தவர் பலர், லயங்களில் எஞ்சிய குடும்பங்களை அறிந்தவர் சிலரே. புரோனின் அட்டவணைகள் நூலகங்களில் பத்திரமாக உள்ளன. தொழிலாளர் நினைவுகளும் காணிக்காரர் வாய்மொழியும் முதியவர்களோடு மறைந்துவருகின்றன. பொன்முடியின் காலநிலை வரலாற்றை ஆராய விரும்பும் மாணவர் முதலில் செல்லவேண்டிய இடம் அந்த முதியவர்களின் வீடுகளே. நூலகம் காத்திருக்கும்.