சோலை வரித் துண்டில் இருக்கும் பெயர்



ஜனவரி பிறந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு கதை தவறாமல் அடிபடும். "சோலை வரி கட்டியாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "இருந்த வீட்டையே விட்டுட்டுப் போனோம், திரும்பி வந்து கடன்பட்டுக் கட்டினோம், இதுக்கும் வரியா?" என்று மற்றவர் சொல்வார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரலாறு படிப்பிக்கிற ஆள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வரி எங்கிருந்து வந்தது, அந்தச் சின்னத் துண்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், அதை மேசை லாச்சிக்குள் போட்டு மறக்க மாட்டோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பெயர். மூத்தவர்கள் சோலை வரி என்பார்கள். சபைக் கடிதங்களில் ஆதன வரி அல்லது மதிப்பீட்டு வரி என்று இருக்கும். எல்லாம் ஒன்றுதான்: வீடு, கடை, வளவு போன்ற அசையாத ஆதனத்துக்கு உள்ளூராட்சி மன்றம் அறவிடும் வரி.

யாழ்ப்பாணத்தில் காணியை எழுதி வைத்து வரி எடுக்கும் பழக்கம் மிகப் பழையது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். இவர்கள் எழுதிய காணிப் பதிவேட்டுக்குத் 'தோம்பு' என்று பெயர். யாருடைய காணி, எவ்வளவு பரப்பு, அதிலிருந்து அரசுக்கு என்ன சேர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அரசன் தன் வருமானத்துக்காக எழுதியதுதான். ஆனால் நூறு, இருநூறு வருடம் கழித்து அதே தோம்பைக் காட்டித்தான் சனங்கள் தங்கள் காணியை நிறுவினார்கள். வரிக்காக எழுதப்பட்டது பிறகு உரிமைக்குச் சாட்சியாக நிற்பதை இங்கே முதல் தடவை காண்கிறோம். இதை நினைவில் வையுங்கள்.

அந்தக் காலத்தில் காணிக்கு மட்டும் வரி இல்லை, ஆளுக்கும் வரி இருந்தது. ஒல்லாந்தர் சோனகர் மீதும் செட்டிமார் மீதும் 'ஊழியம்' என்ற கடமையைச் சுமத்தினார்கள். கோட்டையிலும் துறைமுகத்திலும் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். நாங்கள் இந்த மண்ணுக்கு வெளியே இருந்து வந்தவர்கள் என்ற கணக்கில் போட்ட வரி அது. எங்கள் சமூகத்தின் வரி வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது: வீட்டுக்காக அல்ல, யார் என்பதற்காக.

பிரித்தானியர் காலத்தில் ஊழியம் ஒழிந்தது. ஆனால் ஆளுக்குப் போடும் வரி உடனே போகவில்லை. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். நாய்க்கும் துவக்குக்கும் கூட வரி வந்தது. மாத்தளையில் அந்த வருடம் கிளர்ச்சி வெடித்ததற்கு இந்த வரிகளும் ஒரு காரணம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே ஆறு நாள் என்றால் கோபம் வராதா?

வீட்டுப் பெறுமதியைப் பார்த்து வரி போடும் முறை இதற்கு நேர் எதிரானது. அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1601இல் வந்த ஏழைகள் நிவாரணச் சட்டம், அந்தந்த ஊரில் ஆதனம் வைத்திருப்பவர்களிடம் அறவிட்டு அந்த ஊர் ஏழைகளைப் பராமரிக்கச் சொன்னது. ஊரில் எடுத்து ஊரிலேயே செலவழிப்பது என்ற எண்ணம் அங்கிருந்து பிரித்தானியர் ஆண்ட நாடுகளுக்குப் பரவியது. இலங்கையில் 1865இல் மாநகர சபைச் சட்டம் வந்தது. கொழும்பும் கண்டியும் முதலில் சபை பெற்றன.

யாழ்ப்பாணம் காத்திருந்தது. 1906இல்தான் இங்கே உள்ளூர்ச் சபை அமைந்தது. 1921இல் அது நகர மாவட்ட சபையாகி, பிறகு நகர சபையாகி, 1949இல் மாநகர சபையானது. முதல் மேயர் சாம் சபாபதி. 1950களில் எம். எம். சுல்தான் அந்தக் கதிரையில் இருந்தார். ஒரு காலத்தில் வெளியாள் என்று ஊழியம் வாங்கப்பட்ட சமூகத்தில் ஒருவர், அந்த நகரத்தின் வரி எப்படிச் செலவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் சபைக்குத் தலைவரானார். இது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை.

அந்த வரிப்பணம் என்ன செய்தது? ஒரு உதாரணம் போதும். கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு நூலகத்தை 1935இல் நகர நிர்வாகம் பொறுப்பேற்றது. 1959இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்டது வரை அது சபையின் நூலகம், அதாவது சோலை வரி கட்டியவர்களின் நூலகம். இன்றும் அது மாநகர சபையின் கையில்தான் இருக்கிறது. தெரு விளக்கு, குப்பை வண்டி, வாய்க்கால், சந்தை, மயானம் எல்லாமே இந்தக் கணக்குக்குள் வருபவை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அதே மாதத்தில் சாவகச்சேரியிலிருந்தும் மன்னாரிலிருந்தும், வடக்கு முழுவதிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். காணி உறுதியைக் கூட எடுக்க முடியாமல் போனவர்கள் பலர். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைக்கு "எங்கட வீடு சோனகத் தெருவில" என்று வாப்பா சொன்னதுதான் உறுதி.

திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். சில வீடுகளுக்குச் சுவர் மட்டும் மிச்சம். சிலவற்றில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சில கைமாறியிருந்தன, அவசரத்துக்கு அடிமாட்டு விலையில் விற்றதும் உண்டு. அந்த நேரத்தில்தான் பழைய காகிதங்களின் பெறுமதி விளங்கியது. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். ஆனால் "நீங்கள் இங்கே இருந்தீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்பவை வேறு: வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், சோலை வரிப் பற்றுச்சீட்டு.

சட்டம் இதில் எப்படி நுழைகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் இன்னொருவரின் தனியார் காணியை உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டால், ஆட்சியுரிமை கோரி வழக்காடலாம். இருபது வருடம் ஊருக்குள் வர முடியாதவனுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! அதனால்தான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் தங்கள் காணிக்கு வர முடியாமற்போனவர்கள் வழக்குத் தொடர இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் சிலர். அது இருந்ததே தெரியாதவர்கள் பலர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் குழம்புகிறோம். வரிப் பற்றுச்சீட்டு உறுதி ஆகாது. சபைப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் சொந்தக்காரர் ஆக மாட்டார். பெயர் இல்லாததால் சொந்தக்காரரின் உரிமை போய்விடவும் மாட்டாது. ஆனால் யார் அந்த ஆதனத்தை வைத்திருந்தார், யார் அதற்குப் பொறுப்பாக நின்றார் என்பதற்கு அது ஒரு சான்று. வருடா வருடம் தொடர்ந்து வரும் சான்று. வேறொருவர் பத்து வருடம் தொடர்ந்து உங்கள் வீட்டுக்கு வரி கட்டினால், அந்தத் துண்டுகளும் ஒரு நாள் மேசைக்கு வரும்.

இப்போது எங்கள் தெருக்களில் பெரிய பிரச்சினை இதுதான்: பல வீடுகள் இன்னும் வாப்பாவின் வாப்பா பெயரில் இருக்கின்றன. முஸ்லிம் வாரிசுரிமைப்படி மனைவி, மகன், மகள் என்று பலருக்குப் பங்கு பிரிகிறது. ஒருவர் புத்தளத்தில், ஒருவர் நீர்கொழும்பில், ஒருவர் லண்டனில். "அவர் கட்டுவார்" என்று இவரும், "இவர் கட்டுவார்" என்று அவரும் விட்டுவிட, நிலுவை ஏறுகிறது. பங்கைப் பேசி முடித்து, நொத்தாரிசிடம் உறுதி எழுதி, பதிந்து, அதன் பிரதியைக் கொடுத்துச் சபையில் பெயரை மாற்றுங்கள். மூத்த தலைமுறை உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். பிள்ளைகள் காலத்தில் ஐந்து பங்கு இருபது பங்காகிவிடும்.

வரி எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டப்படி, உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதே 'வருடாந்தப் பெறுமதி'. அதில் ஒரு வீதத்தைச் சபை தீர்மானிக்கும். ஒரு பேச்சுக்குப் பெறுமதி 30,000 ரூபாய், வீதம் 8 என்றால் வருடத்துக்கு 2,400 ரூபாய், காலாண்டுக்கு 600 ரூபாய். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு: 2,160 ரூபாயோடு முடிந்தது. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து கழிவு.

நல்லூர், வலிகாமம் போன்ற பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும், சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தும். அடிப்படை ஒன்றுதான். வீதமும் கழிவும் உங்கள் சபையில் எப்படி என்று கருமபீடத்தில் கேளுங்கள்.

மதிப்பீடு கூடிவிட்டது என்று நினைத்தால் தெருவில் நின்று ஏசிப் பயனில்லை. மதிப்பீட்டு அறிவித்தலில் ஆட்சேபிக்கக் கடைசித் திகதி இருக்கும். அதற்குள் எழுத்தில் கொடுங்கள். சபை விசாரிக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். கட்டாமலே விட்டால், சபை பிடியாணை எழுதி வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வீடு வாங்குகிறவர்கள் கடைசிப் பற்றுச்சீட்டைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

வரி கட்டுகிறவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. 1983க்குப் பிறகு 1998 வரை யாழ்ப்பாண மாநகர சபைக்குத் தேர்தலே நடக்கவில்லை. 1998இல் தெரிவான மேயர் சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் அதே வருடத்தில் கொல்லப்பட்டார்கள். இன்று எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். வாய்க்கால் ஏன் அடைத்திருக்கிறது, விளக்கு ஏன் எரியவில்லை என்று பற்றுச்சீட்டோடு போய்க் கேளுங்கள்.

இந்த மாதம் முடிய முன் மூன்று வேலை: வரியைக் கட்டுங்கள். துண்டில் இருப்பது யாருடைய பெயர் என்று பாருங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் சகோதரங்களுக்கும் அனுப்பி வையுங்கள். 1990இல் எங்களிடம் அந்த வசதி இருக்கவில்லை.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். உறுதி, வழக்கு சம்பந்தமானதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்பதே நல்லது.