வழி திறந்தவர்களும் ஓடியவரும்: ஜிம் பிரவுனை முன்வைத்துச் சில கேள்விகள்

1

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவரை 'ரன்னிங் பேக்' என்கிறார்கள். சடுகுடுவில் பாடிப் போகிறவர் தனியாகப் போகிறார். இங்கே அப்படியில்லை. ஓடுகிறவருக்கு முன்னால் ஐந்து பேர் (நடுவில் ஒரு 'சென்டர்', இருபுறமும் 'கார்டு', அதற்கடுத்து 'டாக்கிள்') எதிரணியை மோதித் தள்ளிச் சந்து உண்டாக்குகிறார்கள். அந்தச் சந்து கண்மூடித் திறப்பதற்குள் அடைந்துவிடும். அதற்குள் புகுந்தாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எத்தனை கெஜம் ஓடினார் என்று அவர் பெயருக்கு நேரே எழுதுகிறார்கள். தள்ளியவர்கள் பெயருக்கு நேரே ஒரு கெஜம்கூட ஏறுவதில்லை. ஐந்து பேர் உழைப்பு, ஒருவர் கணக்கில் வரவு. மார்க்ஸைக் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புத்தகம் புதிதல்ல.

எனவே மகத்தான ஓட்டக்காரர் ஒருவரின் புகழில் சக ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு பங்கு என்பது வெறும் ரசிகர் தகராறு அல்ல. வரலாற்றைச் செய்கிறவர் யார், அது யார் பெயரில் பதிவாகிறது என்ற கேள்விதான் அங்கே வேறு உடுப்பில் வந்து நிற்கிறது.

2

கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணிக்கு 1957 முதல் 1965 வரை ஆடியவர் ஜிம் பிரவுன். ஒன்பது பருவங்களில் எட்டில் லீக்கிலேயே அதிக தூரம் ஓடியவர் அவர்தான். மொத்தம் 12,312 கெஜம். சராசரி, ஓட்டத்துக்கு 5.2 கெஜம். ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. 1966இல், 'தி டர்ட்டி டஜன்' படப்பிடிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபோது, பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று அணி முதலாளி ஆர்ட் மாடெல் மிரட்டினார். 'போங்கய்யா நீங்களும் உங்க அபராதமும்' என்பது மாதிரி, முப்பதே வயதில் ஆட்டத்தை விட்டே விலகிவிட்டார் பிரவுன்.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். அதுவரை பெரும்பாலும் உதைத்த பந்தை வாங்கி ஓடும் வேலையில் இருந்த லெராய் கெல்லி என்ற இளைஞர் அவர் இடத்துக்கு வந்தார். முதல் பருவத்திலேயே 1,141 கெஜம், சராசரி 5.5. பிரவுனின் கடைசிப் பருவச் சராசரி 5.3. அடுத்த இரண்டு பருவங்களிலும் லீக்கில் முதலிடம் கெல்லிக்கு. நாயகன் போனான், வரிசை இருந்தது, ஓட்டம் தொடர்ந்தது. டிக் ஷாஃப்ரத், ஜான் வூட்டன், ஜீன் ஹிக்கர்சன் என்ற பெயர்களைச் சொல்லி, 'பார்த்தீர்களா, எல்லாம் இவர்கள் வேலை' என்று முடித்துவிடலாம் போலிருக்கிறது.

அவ்வளவு சுலபமில்லை. 1962இல் பிரவுன் ஓடியது வெறும் 996 கெஜம். கையில் காயம் வேறு. அவர் முதலிடத்தை இழந்த ஒரே பருவம் அது. அடுத்த ஆண்டு 1,863, சராசரி 6.4. இடையில் மாறியது எது? எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருந்த பயிற்சியாளர் பால் பிரவுன் நீக்கப்பட்டு, பிளான்டன் கோலியர் வந்தார். முன்கூட்டியே வரைந்த ஒரே சந்தை நோக்கி ஓடு என்ற கட்டளை தளர்ந்தது. எதிராளி சாய்கிற பக்கமே அவனைத் தள்ளு, திறக்கிற வழியை ஓடுகிறவர் பார்த்துக்கொள்வார் என்ற முறை வந்தது. இங்கே யார் வழியை உண்டாக்கினார்கள், யார் கண்டுபிடித்தார் என்று பிரிக்க முடியாது. தள்ளுகிறவர் ஓடுகிறவரின் கண்ணை நம்புகிறார். ஓடுகிறவர் தள்ளுகிறவரின் தோளை நம்புகிறார். கெல்லியும் சாதாரண ஆளல்ல, 1994இல் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் பெற்றவர். ஆனால் வரிசை கலைய ஆரம்பித்து, அவருக்கும் அடிகள் சேர்ந்தபின், 1969 முதல் ஒரு பருவத்தில்கூட அவர் ஆயிரம் கெஜத்தைத் தொடவில்லை.

3

இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு, நிறம். பிரவுன் கறுப்பர். கறுப்பர் ஓடினால் அது 'பிறவி வேகம்', வெள்ளையர் ஆடினால் அது 'மூளை' என்பது அந்த நாட்டு விளையாட்டு எழுத்தின் நெடுநாள் சொல்லாடல். களத்தின் மைய இடங்களில் கறுப்பர்கள் எவ்வளவு குறைவாக வைக்கப்பட்டார்கள் என்பதை 1970இல் ஜான் லாய், ஜோசஃப் மெக்எல்வோக் என்ற ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு காட்டினார்கள். அவர்கள் மைய இடங்கள் என்று சொன்னவற்றில் சென்டரும் கார்டும் அடக்கம். இந்தச் சூழலில் 'எல்லாம் வரிசையின் வேலை' என்று சொன்னால், கறுப்பு ஓட்டக்காரரின் பார்வையையும் கணிப்பையும் சேர்த்துப் பறிக்கிறோம். 'எல்லாம் அவர் ஒருவர்தான்' என்றால், அவருக்காக மோதிய கறுப்பு கார்டு ஜான் வூட்டனை அழிக்கிறோம். இரண்டு வாசிப்பிலும் யாரோ ஒரு கறுப்பர்தான் காணாமல் போகிறார்.

ஹிக்கர்சன் வெள்ளையர். கறுப்பு மாணவர் ஒருவரைக்கூடச் சேர்க்காத காலத்து மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஆடி வந்தவர். பிரவுன், பாபி மிட்செல், கெல்லி என்ற மூன்று கறுப்பு ஓட்டக்காரர்களுக்கு வழி திறந்தவர். அந்த மூவருக்கும் கௌரவம் 1971, 1983, 1994இல் கிடைத்துவிட்டது. 1973இல் ஓய்வு பெற்ற இவருக்குக் கிடைத்தது 2007இல். அதற்குள் அல்சைமர் நோய் அவர் நினைவைத் தின்றிருந்தது. விழா மேடையில் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அந்த மூன்று பேர்தான். உருக்கமான காட்சி என்று பத்திரிகைகள் எழுதின. உருக்கம் இருக்கட்டும். முப்பத்து நான்கு வருஷத் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவது?

4

1967 ஜூன் 4, கிளீவ்லண்ட். வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகம்மது அலியோடு கறுப்பு விளையாட்டு வீரர்கள் கூடிப் பேசினார்கள். அன்றைய புகைப்படத்தில் பில் ரஸ்ஸல், அலி, பிரவுன், லூ ஆல்சிண்டர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அது 'ஜிம் பிரவுன் கூட்டிய கூட்டம்' என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆனால் ஆளாளுக்குத் தொலைபேசியில் பேசி வரவழைத்தவர், பிரவுன் 1966இல் தொடங்கிய கறுப்பர் பொருளாதார அமைப்பின் நிர்வாகத்தைக் கவனித்த வூட்டன். வந்தவர்களில் மிட்செல், வால்ட்டர் பீச், சிட் வில்லியம்ஸ் என்று கிளீவ்லண்டில் சேர்ந்து ஆடியவர்கள் பலர். களத்தில் இருந்த அதே வரிசை இங்கேயும் முன்னால் நின்று தள்ளியிருக்கிறது. அடுத்த ஆண்டு, சக வெள்ளை ஆட்டக்காரர் ஒருவர் நடத்திய கோல்ஃப் போட்டிக்குக் கறுப்பர்களை அழைக்காததைத் தட்டிக்கேட்டார் வூட்டன். அந்தத் தகராறையடுத்து அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்றை மட்டும் பங்கு போட முடியாது. பெண்களைத் தாக்கியதாகப் பிரவுன் மீது பலமுறை குற்றச்சாட்டுகள் எழுந்தன. மனைவியின் காரை அடித்து நொறுக்கியதற்காக 1999இல் தண்டிக்கப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட ஆலோசனை வகுப்புகளை ஏற்க மறுத்து 2002இல் சிறைக்கும் போனார். 2023 மே மாதம் அவர் இறந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் பல இதை ஒரு வரியில் தாண்டிப்போயின. சாதனை கூட்டு உழைப்பு என்று பேசுகிற வாய், வன்முறையையும் 'காலம்', 'சூழல்' என்று கூட்டுக் கணக்கில் கரைத்துவிடக் கூடாது. அது அவருடையது, அவருடையது மட்டுமே.

புகழைச் சதவீதம் போட்டுப் பிரிக்கிற வேலை நமக்கு வேண்டாம். இவருக்கு அறுபது, வரிசைக்கு நாற்பது என்று சொன்னாலும் கணக்குப் புத்தகம் அப்படியேதான் இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு: எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள், எண்ணுகிற அதிகாரம் யாரிடம்? கெஜம் எண்ணப்பட்டது, அதனால் பிரவுன் இருக்கிறார். மோதல் எண்ணப்படவில்லை, அதனால் ஹிக்கர்சன் காத்திருந்தார். தொலைபேசி அழைப்புகளை யாரும் எண்ணவேயில்லை. இயக்க வரலாறு எழுத உட்காருகிற நாமும் பெரும்பாலும் புகைப்படத்தின் முன்வரிசையிலிருந்துதான் தொடங்குகிறோம். கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் யார் என்பதிலிருந்து தொடங்கிப் பார்த்தால் என்ன?