அணில் புராணம்: முதுகில் கோடு, வாயில் ஒயர்

எனக்கு அணிலைப் பிடிக்காதுங்க. இதைச் சொன்னா, ஏதோ பச்சைக் குழந்தையை அடிச்ச மாதிரி பாக்கறாங்க வீட்ல. கதிர்காமத்துல எங்க மாடிக்கு எட்டுற கொய்யாவுல ஒரு பழம் முழுசா பழுத்ததில்லை. அதைக்கூட விட்டுடலாம். இண்டர்நெட் கேபிளை ரெண்டு தடவை கடிச்சு வெச்சிருக்கு. வீட்லேர்ந்து பொட்டி தட்டுறவன் பொழப்புல கை வெச்சா கோவம் வராதா? இந்தப் பயலுக்கு இவ்ளோ நல்ல பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நோண்டிப் பாத்தேன்.

முதல்ல ராமர் கதை. பாலம் கட்ட மண்ணு சுமந்த அணில் வால்மீகியிலயும் இல்ல, கம்பன்லயும் இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தொண்டரடிப்பொடி ஆழ்வாரோட திருமாலையில இருக்கு. தண்ணியில முங்கி, மணல்ல புரண்டு, கடலை அடைக்க ஓடுது. ஆழ்வார் அதுக்குக் கள்ளங்கபடம் இல்லாததுன்னு ஒரு சர்டிஃபிகேட் வேற குடுத்துட்டார். ஆனா ராமர் முதுகைத் தடவினதோ, கோடு விழுந்ததோ அந்தப் பாட்டுல கிடையாது. அது சொல்லிச் சொல்லி வளந்த கதை. நம்ம பக்கத்து அணிலுக்கு மூணு கோடு, வடக்க இருக்கறதுக்கு அஞ்சு கோடு. அங்க மட்டும் ராமர் அஞ்சு விரலாலயும் தடவினாரா என்ன? :-)

அடுத்து நம்மூரை ஆண்ட பிரெஞ்சுக்காரங்க. 1763ல பூஃபோன்ங்கிற இயற்கை ஆய்வாளர் தன்னோட பெரிய புத்தக வரிசையில இதைப் பத்தி எழுதினார். பனைமரத்தை வெச்சு 'பால்மிஸ்ட்'னு பேரு. 1766ல லின்னேயஸ் லத்தீன்லயும் அதே பனைப் பேரையே வெச்சார். ஆனா எனக்குப் பிடிச்சது 1835ல லெஸ்ஸோன்ங்கிற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இந்தப் பேரினத்துக்கு வெச்ச பேரு: ஃபுனாம்புலஸ். கயித்து மேல நடக்கறவன்னு அர்த்தம். கரண்டு கம்பி வர்றதுக்கு முன்னாடியே மனுஷன் எப்படிக் கணிச்சிருக்கார் பாருங்க!

2021 ஜூன்ல தமிழ்நாட்டு மின்துறை அமைச்சரா இருந்த செந்தில் பாலாஜி, கரண்டு கட்டுக்கு அணிலும் ஒரு காரணம்னு சொன்னப்ப ஊரே சிரிச்சது. மீம்ஸ் போட்டே கிழிச்சாங்க. ஆனா விஷயம் உண்மைதாங்க. ஒத்தைக் கம்பியில ஓடுற வரைக்கும் அணிலுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு கால் கம்பியிலயும் இன்னொரு கால் எர்த் ஆன இரும்பு கிராஸ் ஆர்ம்லயும் பட்டா, அதோட உடம்பே ஷார்ட் சர்க்யூட். ஃபியூஸ் போகும், இல்ல லைன் ட்ரிப் ஆகும். அணில் கதையும் முடிஞ்சுடும்.

அமெரிக்காவுல இதுக்குப் பெரிய சரித்திரமே இருக்கு. 1987 டிசம்பர்ல கனெக்டிகட்ல ஒரு அணில் பண்ண வேலையில நாஸ்டாக் பங்குச் சந்தை ஏறக்குறைய 80 நிமிஷம் நின்னு போச்சு. 1994 ஆகஸ்ட்ல இன்னொரு அணில் மறுபடியும் நிறுத்துச்சு. 2011ல லெவல் 3ங்கிற நெட்வொர்க் கம்பெனி, அந்த வருஷம் அதுவரைக்கும் தன்னோட கேபிளுக்கு ஆன சேதத்துல 17 சதவீதம் அணில் கடிச்சதுன்னு கணக்கு சொல்லுச்சு. ஏன் கடிக்குது? எலி மாதிரியே இதுக்கும் முன்பல் சாகற வரைக்கும் வளந்துகிட்டே இருக்கும். எதையாவது கொறிச்சுத் தேய்ச்சுகிட்டே இருந்தாகணும்.

என் வயித்தெரிச்சலே இங்கதான். எலியும் அணிலும் ஒரே கொறிக்கிற வம்சம். 1972 வனவிலங்குச் சட்டத்துல நாசம் பண்றதுங்கன்னு ஒரு அட்டவணை இருந்துச்சு. எலி, சுண்டெலி, காக்கா, பழந்தின்னி வௌவால் எல்லாம் அதுல உண்டு. 2022 திருத்தத்துல அந்த அட்டவணையே போற வரைக்கும் அணில் பேரு அதுல ஏறல. பிள்ளையாரையே சுமக்குற எலிக்கு ஜெயிலு, ஒரு பிடி மணல் சுமந்தவனுக்கு ஜாமீன். புசுபுசுன்னு ஒரு வால் இருந்தா போதும் போல.

அதுக்காக அணில் மேல முழுப் பழியையும் போட்டுட முடியாது. அன்னிக்கு அமைச்சர் சொன்னதுல இன்னொரு பாதி இருந்துச்சு: பல மாசமா பராமரிப்பு வேலை நடக்கல, செடி கொடி வளந்து கம்பியைத் தொட்டுடுச்சு, அது வழியா அணில் ஏறுதுன்னு. மீம் போட்டவங்க அந்தப் பாதியை விட்டுட்டாங்க. கேள்வி கேக்க வேண்டியது அதைப் பத்திதான். கிளையை வெட்டணும், கம்பத்துல மூடி போடணும். நூறு கிராம் எடை உள்ள ஒரு ஜீவன் ஒரு தெருவையே இருட்டாக்க முடியுதுன்னா, தப்பு அந்த நூறு கிராம்ல மட்டும் இல்ல.

கேபிளை இப்ப பிவிசி பைப்புக்குள்ள விட்டிருக்கேன். கொய்யாவுக்குத்தான் இன்னும் வழி தெரியல. ராமர் தடவினாரோ இல்லையோ, நான் தடவப் போறதில்லை.