களத்தில் தனித்து, ஊரில் மேற்பார்வையில்: அமெரிக்க இராணுவத்தின் மயக்கவியல் செவிலியர் பயிற்சி

ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் அமெரிக்கத் தரைப்படை நிறுத்திய முன்னணி அறுவைக் குழு ஒன்றில் 20 பேர் இருந்தார்கள். பொது அறுவை மருத்துவர்கள் மூவர், எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர், மயக்கம் கொடுக்கச் செவிலியர் இருவர். மயக்கவியல் மருத்துவருக்கு அந்த அமைப்பில் தனியிடம் இல்லை. போரின் போக்கில் இக்குழுவையும் இரண்டாகப் பிரித்து இரு வேறு முகாம்களுக்கு அனுப்புவார்கள். அப்போது பாதிக் குழுவில் மயக்கம் கொடுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரும் செவிலியர்.

மயக்க மருந்து என்றாலே அதற்கென்று ஒரு டாக்டர் வருவார் என்று பழகிய நமக்கு இது விந்தையாகப்படலாம். ஆள் கிடைக்காத இடத்தில் செய்துகொண்ட சமாளிப்பு என்றும் தோன்றலாம். அப்படி இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தனித்து முடிவெடுக்கும் செவிலியரை உருவாக்குவதற்கென்றே அமெரிக்க இராணுவத்தின் பயிற்சி வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பயிற்சியின் பலனைப் போர்க்களத்தில் பெற்றுக்கொள்ளும் அரசு, ஊர் திரும்பியதும் அதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது.

இத்தொழிலின் வேர் இராணுவத்துக்கு வெளியே இருந்தது. அறுவை மருத்துவர்களான மாயோ சகோதரர்களின் அரங்கில் பணியாற்றிய ஆலிஸ் மேகா என்ற செவிலியர், 14,000க்கும் மேற்பட்டோருக்கு மயக்கம் கொடுத்ததில் மயக்க மருந்தால் ஒருவர்கூட இறக்கவில்லை என்று 1906இல் பதிவுசெய்தார். ஈதரும் குளோரோஃபார்மும் ஆண்ட காலம் அது. அந்தத் திறமையைப் படை கண்டுகொண்டது முதல் உலகப் போரில். கிளீவ்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், 1914 இறுதியில் பாரிஸை ஒட்டிய நியூயியில் இருந்த அமெரிக்க மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது, மயக்கவியல் செவிலியர் அகதா ஹாட்ஜின்ஸையும் கூட்டிச் சென்றார். நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கும் முறையை ஹாட்ஜின்ஸ் அங்கே மற்றவர்களுக்கும் கற்பித்தார். திரும்பி வந்து 1915இல் கிளீவ்லாந்தில் லேக்சைடு மயக்கவியல் பள்ளியைத் தொடங்கினார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் படைச் செவிலியர்கள் பயிற்சிக்காக அங்கே வந்தார்கள்.

அதே 1917இல், செவிலியர் மயக்கம் கொடுப்பது சட்டப்படி சரியா என்ற வழக்கு கென்டக்கி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தது. தீர்ப்பு செவிலியருக்குச் சாதகமாக வந்தது. 1936இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னது. ஆனால் அறுவை மருத்துவரின் வழிகாட்டலில் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டது. இன்றுவரை ஓயாத சச்சரவுக்கு விதை அந்த நிபந்தனைதான்.

இராணுவச் செவிலியர் படையில் ஆண்கள் நுழைந்த வாசலும் மயக்கவியல்தான். 1955 வரை அப்படையில் அதிகாரிகளாகப் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். அவ்வாண்டு சட்டம் மாறியதும் முதலில் பொறுப்பேற்ற ஆண், எட்வர்டு லயன் என்ற மயக்கவியல் செவிலியர். வியட்நாம் போரில் உயிரிழந்த அமெரிக்கப் படைச் செவிலியர் பத்துப் பேரில் ஆண்கள் இருவர். இருவருமே மயக்கவியல் செவிலியர்கள்.

இன்றைய பயிற்சிக்கு வருவோம். தரைப்படையின் பாடத்திட்டம் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் நடக்கிறது. பட்டம் வழங்குவது பெய்லர் பல்கலைக்கழகம். கடற்படை, விமானப்படைச் செவிலியர்களுக்கு மேரிலாந்தின் பெதஸ்டாவில் சீருடைப் பணியாளர் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் 36 மாதப் படிப்புகள், முனைவர் தகுதியில் முடிபவை. செவிலியர் பட்டமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு அனுபவமும் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. இந்த ஓராண்டைச் சடங்காக நினைக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சரியும் நோயாளியின் அருகில் நின்று, மருந்தை ஏற்றவா குறைக்கவா என்று கணத்தில் தீர்மானிக்கும் பழக்கம் அங்கேதான் படிகிறது. முதற்கட்டம் வகுப்பறை, அடுத்த கட்டம் இராணுவ மருத்துவமனைகளின் அறுவை அரங்கம். தேசிய அங்கீகார விதிப்படி குறைந்தது 600 பேருக்கு மயக்கம் கொடுத்திருக்க வேண்டும். முடிவில் எழுதுவதும் பொதுமக்கள் கல்லூரி மாணவர் எழுதும் அதே தேசியத் தேர்வு. படையினருக்கென்று சலுகைச் சான்றிதழ் கிடையாது.

கூடுதலாகக் கற்பது, வசதி இல்லாத இடத்தில் வேலை செய்வதை. அழுத்தமூட்டிய வாயு உருளைகள் வந்து சேராத கூடாரத்தில், சுற்றியுள்ள காற்றையே மயக்க திரவத்தின் மேல் இழுத்து நோயாளிக்குச் செலுத்தும் கையடக்க ஆவியாக்கிதான் துணை. அதுவும் இல்லையென்றால் கீட்டமின் போன்றவற்றை இரத்த நாளம் வழியாக மட்டுமே செலுத்தி அறுவையை முடிக்க வேண்டும். பெருநகர மருத்துவமனையில் பயின்ற பலருக்கு இந்த அனுபவம் வாய்ப்பதில்லை.

பொருளாதாரமும் கவனிக்கத்தக்கது. பொதுமக்கள் கல்லூரியில் சேரும் செவிலியர் வேலையை விட்டுவிட்டுப் பெருங்கடன் வாங்கிப் படிக்கிறார். படையில் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அதிகாரிக்குரிய முழுச் சம்பளமும் வருகிறது. கைமாறாகப் பல ஆண்டு சேவை செய்ய வேண்டும், அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். இதைத் தர்மம் என்று யாரும் மயங்க வேண்டாம். கொடுக்கல் வாங்கல் தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. போர்க்களத்தில் படுத்திருப்பவர் பெரும்பாலும் இளைஞர், காயம் படும்வரை ஆரோக்கியமாக இருந்தவர். இதய நோயும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த எழுபது வயது முதியவர் வேறு வகை. களத்தின் வெற்றியை நகர மருத்துவமனைக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பது சரியே. ஆனால் இப்பயிற்சி களத்தில் நடப்பதில்லை. சான் அன்டோனியோவின் புரூக் இராணுவ மருத்துவ மையம் முதல்நிலை விபத்து சிகிச்சை மையம். ஊர்மக்களையும் அது ஏற்கிறது. இராணுவ மருத்துவமனைகளுக்கு ஓய்வுபெற்ற படையினரும் குடும்பத்தினரும் வருகிறார்கள். பயில்பவர் முதியவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பார்த்த பிறகே களம் போகிறார்.

ஆனால் ஊர் திரும்பியபின் கதை வேறு. 2016 டிசம்பரில் முன்னாள் படைவீரர் நலத்துறை, உயர்பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையின்றிப் பணியாற்றும் முழுத் தொழிலுரிமை வழங்கியது. மூன்று பிரிவினருக்குக் கிடைத்தது. மயக்கவியல் செவிலியருக்கு மட்டும் இல்லை. அவர்களுக்குத் திறமை போதாது என்று துறை சொல்லவில்லை. மயக்கவியல் சேவை கிடைப்பதில் தன் மருத்துவமனைகளில் தட்டுப்பாடு இல்லை என்பதே அது சொன்ன காரணம். கோவிட் பரவிய 2020 ஏப்ரலில் தேவை நெருக்கியதும், இதே செவிலியரை முழுத் திறனுக்குப் பயன்படுத்துமாறு தன் மருத்துவமனைகளை ஊக்குவித்தது.

ஆள் போதுமா என்பது நிர்வாகக் கேள்வி. யாருக்குத் தகுதி உண்டு என்பது தொழிற்கேள்வி. முதலாவதன் விடையை இரண்டாவதற்குப் போட்டதுதான் 2016 விதியின் குறை. காயம்பட்ட படைவீரருக்குக் கூடாரத்தில் தனித்து மயக்கம் கொடுக்கத் தகுந்தவர், அதே வீரர் ஓய்வுபெற்றபின் குடலிறக்க அறுவைக்கு வந்து படுக்கும்போது ஏன் தகுதியற்றவர் ஆகிறார் என்பதை அந்தத் துறை இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது.