ஈரங்கொல்லி சொன்ன சாட்சியும் புதுச்சேரி போட்டோவும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கலந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் நாத்தனார் மகனை வழியனுப்ப ஏர்போர்ட் போனோம். புதுக்கோட்டை ரோட்டில் மத்திய சிறையைத் தாண்டும்போது பேத்தி கேட்டாள்: "பாட்டி, போலீஸ் பிடிக்குது, கோர்ட்ல தீர்ப்பு சொல்றாங்க, ஜெயில்ல போடுறாங்க. இவங்க எல்லாருக்கும் ஒரே ஹெட் ஆபீஸா?"

இல்லை என்றேன். போலீஸ் ஒரு துறை, சிறை வேறு துறை. அரசு வக்கீல்களுக்குத் தனி இயக்ககம். நீதிமன்றம் இவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. "அப்ப யார் யார்கிட்ட சொல்லுவாங்க?" என்றாள். காரில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதே சிறையில் பல வருடம் இருந்த ஒருவரின் வழக்கு ஞாபகத்துக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஸ்ரீரங்கத்துக் கதை. 1323 படையெடுப்பின்போது உற்சவரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனதும், 1371-ல் பெருமாள் திரும்பி வந்ததும் உங்களுக்குத் தெரியும். வந்தபோது ஒரு சிக்கல். அதற்குள் இங்கே வேறொரு உற்சவர் பூஜையில் இருந்தார். எவர் பழையவர்? பார்த்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஈரங்கொல்லி என்று அழைக்கப்படும், பெருமாள் வஸ்திரம் துவைக்கிற வண்ணார் குலத்து முதியவர் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தாராம். கண் பார்வை இல்லை. திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தை வாயில் விட்டுப் பார்த்து "இவரே நம்பெருமாள்" என்றாராம். அன்றிலிருந்துதான் அந்தத் திருநாமம் என்பது கோயில் வழக்கு. பக்திக் கதையாகத்தான் வகுப்பில் சொல்லி வந்தேன். இப்போது யோசித்தால் அது ஒரு அடையாள விசாரணை. சாட்சி ஒருவர் மிச்சம் இருந்ததால் தீர்ந்தது.

இனி கொள்ளிடத்துக்கு வடக்கே போவோம். ஆசிரியர் பயிற்சி முடித்து எனக்கு முதல் வேலை கிடைத்தது உடையார்பாளையம் தாலுகாவில். அப்போது அதெல்லாம் திருச்சி மாவட்டம்; 1995-ல்தான் பெரம்பலூர் பிரிந்தது, அதிலிருந்து பிறகு அரியலூர். அந்தப் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு ஊர். சோழர் காலத்துச் சிவன் கோயில், பிரகதீஸ்வரர். வருமானமில்லாமல் பூட்டிக் கிடந்தது. 2006-ல் அங்கிருந்த நடராஜர், அம்மன், பிள்ளையார் உள்ளிட்ட செப்புத் திருமேனிகளைத் திருடிவிட்டார்கள். ஊருக்குத் தெரிந்தது 2008-ல். சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்து, உள்ளே பார்த்தபோதுதான் வெறும் பீடம். பக்கத்தில் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் அதே காலத்தில் திருட்டு.

இதில் என் மனதை உறுத்துவது இந்த இடைவெளி. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜருக்கு 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது 2008 பிப்ரவரியில். இங்கே திருட்டே அதற்குப் பிறகுதான் தெரிகிறது. விற்றவர்கள் காட்டிய தாளில், 1972 தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவைவிட்டுப் போய்விட்டது என்று பொய்க் கதை. அம்மன் 2007-ல் சிங்கப்பூருக்கு, ஆறரை லட்சம் டாலர். பிள்ளையார் அமெரிக்காவில் டொலீடோ என்ற ஊருக்கு. கப்பலில் போகும்போது புதிதாகச் செய்த கைவினைப் பொருள்கள் என்று கணக்கு. கோயிலைப் பார்க்க ஒரு துறை, சுங்கத்துக்கு ஒரு துறை, காவலுக்கு ஒரு துறை இருந்தும், ஒருவர் கேள்வி இன்னொருவருக்குப் போகவில்லை. வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்காவிட்டால் எந்தப் பிள்ளை வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வருடம் அந்தக் கோயிலில் ஆஜர் எடுக்க ஆளில்லை.

புகார் பதிவான பிறகு வண்டி நகர்ந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983-லிருந்து இருக்கிறது. அவர்கள் 2009-ல் சஞ்சீவி அசோகன் என்ற தரகரைப் பிடித்தார்கள். அவர் வழியாக நூல் நியூயார்க் போனது: மாடிசன் அவென்யூவில் கலைக்கூடம் நடத்திய சுபாஷ் கபூர். அரியலூர் வழக்குக்காக நியூயார்க்கில் போய்க் கதவைத் தட்ட நம் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் இண்டர்போல் மூலம் தேடல் அறிவிப்பு. 2011 அக்டோபர் 30 அன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் அவரை நிறுத்தியது ஜெர்மன் போலீஸ். அங்கே நீதிமன்றம், அரசு, இரண்டும் சம்மதித்து 2012 ஜூலையில் சென்னைக்கு ஒப்படைத்தார்கள். அப்படி ஒப்படைத்தாலும், எந்தக் குற்றத்துக்காகக் கொடுத்தார்களோ அதற்கே வழக்கு நடத்தலாம், வேறெதற்கும் மறுபடி அனுமதி கேட்க வேண்டும் என்பது பொது விதி. ஒவ்வொரு கைமாற்றலிலும் இப்படி ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டே வரும். இடையில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2012 ஜனவரியில் நியூயார்க் கடையில் சோதனை போட்டது. கடை மேலாளர் 2013-ல் அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

சரி, பிடித்தாயிற்று. ஆனால் கான்பெராவில் நிற்கிற நடராஜர் ஸ்ரீபுரந்தான் நடராஜர்தான் என்று எப்படி நிரூபிப்பது? சோழர் நடராஜர்கள் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே சாயல். ஈரவாடைத் தீர்த்தம் குடித்துச் சொல்ல ஆளில்லை.

அங்கேதான் புதுச்சேரி வருகிறது. அங்கே இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்தே ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்து வைத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். திருடனைப் பிடிக்க எடுத்ததல்ல, படிப்புக்காக எடுத்தது. அதில் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இருந்தார், 1990-களில் எடுத்த படம். சடையின் வளைவு, திருவாசியின் சுடர்கள், வார்ப்பில் விழுந்த சின்னச் சின்னக் குறைகள் என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். சிலை ஆர்வலர்கள் சிலர் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்தார்கள். 2014 மார்ச்சில் அருங்காட்சியகம் சிலையைக் காட்சியிலிருந்து எடுத்தது. செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லியில் நம் பிரதமரிடம் நேரில் ஒப்படைத்தார், கூடவே விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரையும். அம்மன் 2015-ல் சிங்கப்பூரிலிருந்து திரும்பினாள். போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் விட்டுப்போன கண்ணியை இட்டது, இந்த இரண்டிலும் சேராத ஒரு நூலகம்.

திரும்பி வந்த நடராஜர் நேராகக் கோயிலுக்குப் போகவில்லை. கும்பகோணம் நீதிமன்றத்துக்குத்தான் போனார். சட்டப்படி அவர் வழக்குச் சொத்து, சாட்சிப் பொருள். எண் போட்டு, பட்டியலில் ஏற்றி, கும்பகோணத்துச் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைத்தார்கள். வருடக்கணக்காக அபிஷேகம் இல்லை, ஆருத்ரா தரிசனம் இல்லை. நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். கோயிலுக்கே கொடுத்து மறுபடி தொலைந்தால் யார் பொறுப்பு? ஆனாலும் ஊர்க்காரர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

வழக்கு நகர்ந்த வேகம் இன்னொரு கதை. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் சிலை வழக்குகளுக்குத் தனிக் குழு அமைத்தது. 2018-ல் தமிழக அரசு வழக்குகளை சி.பி.ஐ.க்கு மாற்றியது, உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. துறைகள் கைகோத்து நடக்க வேண்டிய இடத்தில் யார் கையில் கோப்பு இருப்பது என்றே சில காலம் போனது. கடைசியில் 2022 நவம்பர் 1 அன்று சுத்தமல்லிக் கோயிலின் 19 சிலைகளைத் திருடிக் கடத்திய வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை கொடுத்தது. கபூருக்குப் பத்து வருடம். பிராங்க்பர்ட்டில் பிடித்ததிலிருந்து தீர்ப்புக்கே பதினோரு வருடம்! தண்டனையைவிட விசாரணை நீளம். அந்தக் காலத்தில் பெரும்பகுதி அவர் இருந்தது, பேத்தி கை காட்டிய அதே மதிலுக்குள். அமெரிக்காவும் தங்கள் வழக்குக்காக அவரைக் கேட்டிருக்கிறது.

நிற்க. இதை எழுதும்போது பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அந்த ஊர்த் திருவிழாவில் எடுத்த கறுப்பு வெள்ளை படம் ஒன்று கிடைத்தது. பின்னால் சப்பரத்தில் உற்சவ அம்மன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்துவரை மாலை, இடுப்பில் பட்டு, காலடியில் பூக்குவியல். முகம் மட்டும், அதுவும் பாதி. புதுச்சேரிக்காரர்கள் எடுத்தது போல அலங்காரம் களைந்த படம் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ஊரிலேயே இருக்கிற என் மாணவன் ஒருவனுக்கு போன் போட்டு, அம்மனை ஒரு படம் எடுத்து வைக்க முடியுமா என்றேன். குருக்களைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். "அலங்காரம் இல்லாம எடுக்கக் கூடாதுங்கிறார் டீச்சர். ஆனா நீங்க கேட்டீங்கன்னு சொன்னதும், திருமஞ்சனம் அன்னைக்கு வான்னிருக்கார்."

ஆடி வெள்ளிக்குப் போகிறானாம். படத்தின் பின்புறம் தேதியும் ஊர்ப் பெயரும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.