ஊரும் காலனியும்: தருமபுரியில் ஒரு சொல்லின் வரலாறு

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில், புதிதாக அறிமுகமாகும் ஒருவர் தம் ஊரின் பெயரைச் சொன்ன பிறகும், "ஊருங்களா, காலனிங்களா?" என்று அடுத்த கேள்வி எழுவது நெடுநாளைய வழக்கம். மரியாதை விகுதி இரண்டு சொற்களிலும் ஒட்டியிருந்தாலும், இருப்பிடத்தைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்கும் கேள்வி அது; ஏனெனில் இங்கே 'ஊர்' என்பது பிற சாதியினர் வாழும் பகுதியையும், 'காலனி' என்பது பட்டியல் சாதியினருக்கு அரசு மனை ஒதுக்கி வீடு கட்டிக்கொடுத்த பகுதியையும் குறிக்கும். பெங்களூருவில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவரையும் விடாமல் துரத்தும் இக்கேள்வி, கேட்பவருக்குச் சாதாரணப் பேச்சாகவும் பதில் சொல்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு குத்தலாகவும் இருந்துவருகிறது.

சொல்லின் பிறப்பில் இந்த இழிவு எதுவும் கிடையாது. உழவர் குடியேற்றம் எனப் பொருள்படும் 'கொலோனியா' என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம். ரைன் ஆற்றங்கரையில் உள்ள கொலோன் நகரம் அச்சொல்லையே இன்றும் தன் பெயராகக் கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களிலும் ரயில்வே காலனி, மின்வாரியக் காலனி, மயிலாப்பூரின் சி.ஐ.டி. காலனி ஆகிய பெயர்களை அங்கு வாழ்வோர் கூச்சமின்றி முகவரியில் எழுதுகின்றனர். ஒரே சொல் நகரத்தில் மதிப்பையும் கிராமத்தில் வசையையும் சுமப்பதற்கான காரணம் அகராதியில் இல்லை, கிராமத்தின் நில அமைப்பில் இருக்கிறது.

காலனிக்கு முன் அந்த இடத்தில் இருந்த சொல் 'சேரி'. அதுவும் தொடக்கத்தில் சேர்ந்து வாழும் இடம் என்ற பொதுப் பொருளையே கொண்டிருந்தது. பத்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டில், பிராமணர்கள் வாழ்ந்த ஊரின் பகுதிகளே சேரிகள் எனப்படுகின்றன. ஆயினும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி விதிக்கப்படாத நிலங்களைச் சொல்லும்போது, ஊர்நத்தம், அதாவது ஊரார் குடியிருக்கும் மனைநிலம், ஒன்றாகவும், கம்மாணச்சேரி, பறைச்சேரி போன்றவை வேறாகவும் பிரித்து எழுதப்பட்டன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அவற்றில் வருகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்ற பிரிவு அன்றே ஆவணத்தில் ஏறிவிட்டது. காலப்போக்கில் சேரி என்ற சொல்லிலிருந்து பிற பொருள்கள் உதிர்ந்து, இந்த ஒன்று மட்டுமே நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை ஏற்படுத்தி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை வழங்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. பண்ணையாருக்குச் சொந்தமான இடத்தில் குடிசை போட்டு, அவர் நினைத்தால் வெளியேற்றப்படும் நிலையில் இருந்தவர்களுக்குச் சொந்த மனை என்பது உண்மையான விடுதலை; அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. விடுதலைக்குப் பின் இப்பணி விரிந்து, 1974இல் இதற்கெனத் தாட்கோ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள், அதாவது ஒரே மாதிரியாக வரிசையில் எழுப்பிய சிறு வீடுகள், பரவலாயின. ஆனால் மனைக்கான நிலம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பழைய சேரியை ஒட்டியே எடுக்கப்பட்டதால், கூரை மாறியபோதும் இடைவெளி மாறவில்லை. அரசு ஆவணத்தின் புதுச்சொல்லான காலனியின் மேல் சேரியின் பழைய பொருள் வந்து படிந்தது.

மக்களைக் குறிக்கும் பெயர்களும் இதே பாதையில் சென்றன. பறையர், பஞ்சமர் என்ற சொற்களைக் கைவிட்டுத் தமிழ்ப் பகுதியில் ஆதி திராவிடர் என வழங்க வேண்டும் என்று அம்மக்களின் தலைவர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, அரசு 1922இல் ஆணையிட்டது. காந்தியடிகள் பரப்பிய 'அரிஜன்' என்ற பெயரை அம்பேத்கர் ஏற்கவில்லை. முன்னது அம்மக்களிடமிருந்தே எழுந்த கோரிக்கை, பின்னது பிறர் பரிவோடு சூட்டியது. முன்னது நிலைத்ததற்கும் பின்னது கசந்ததற்கும் இந்த வேறுபாடு முக்கியமான காரணமாகும்.

இவ்வரலாறு தருமபுரியில் நெருப்பாக வெளிப்பட்ட நாள் 2012 நவம்பர் 7. சாதி கடந்த ஒரு திருமணத்தை ஒட்டி மூண்ட வன்முறையில், நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. கல்வெட்டுக் காலத்தில் ஊராரின் மனைநிலத்துக்கு உரிய சொல்லான நத்தம், இங்கே காலனி என்ற ஒட்டோடு செய்தித்தாள்களில் இடம்பெற்றது. ஒரு தலைவரின் பெயரைத் தாங்கியிருந்த அண்ணா நகருக்கோ அந்தப் பெயரால் ஒரு பாதுகாப்பும் கிட்டவில்லை. தனித்து அமைந்த குடியிருப்பில் யார் வீடு எது என்று தாக்க வந்தவர்கள் விசாரிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊரையும் காலனியையும் பிரிக்கும் இந்த இடைவெளியையே நேரடியாகத் தொட்ட திட்டம் என்று சொல்லத்தக்கது, இதற்கு முன்பே 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம்: அதன் 100 வீடுகளில் 40 ஆதி திராவிடருக்கும், எஞ்சியவை பிற பிரிவினருக்கும் ஒதுக்கப்பட்டு, எல்லோரும் ஒரே வளாகத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

பெயர்களை ஆணையால் நீக்குவதும் அதே 1997ஆம் ஆண்டில் பெரிய அளவில் நடந்தது. தென்மாவட்டச் சாதி மோதல்களைத் தொடர்ந்து, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அகற்றப்பட்டபோது, தருமபுரிப் பேருந்துகளிலிருந்து அன்னை சத்தியா என்ற கழகப் பெயரும் மறைந்தது. அதேபோல, 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் அதற்கான வழிகாட்டு நெறிகளும் வெளியாயின. இது தாமதமாக வந்தாலும் தேவையான முடிவு. ஒரு குழந்தை பள்ளியில் தன் முகவரியைச் சொல்லக் கூசுகிறது என்றால், அந்தக் கூச்சத்துக்குக் காரணமான எழுத்தை அரசே தன் ஏட்டில் வைத்திருக்க எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அறிவிப்பு மட்டும் போதாது; குடும்ப அட்டை, பட்டா, வாக்காளர் பட்டியல் என ஒவ்வோர் ஏடும் தனித்தனியாகத் திருத்தப்பட வேண்டியிருக்கிறது. பழைய பெயர் ஏடுகளில் மட்டுமன்றிச் சட்டத்திலும் ஏறியிருக்கிறது: இந்தக் குடியிருப்புகளுக்கு நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாடு 1978இல் இயற்றிய சட்டமோ, அரிஜன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் என்றே பெயர் பெற்றது.