நாடற்றவர் ஆன வரலாறு



மரக்காணம் என்றவுடன் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உப்பு. கோடைக் காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், அங்கே வெண்ணிறக் குவியல்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்பர். உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விளைந்த உப்பை வாரிச் சேர்க்கும் தொழில் இங்கு மிகப் பழமையானது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. இந்த உப்பளங்களுக்குத் தெற்கே, அதே சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த தமிழர்களின் முகாம் ஒன்று அங்கே உண்டு. அம்முகாமில் வளர்ந்த ஒரு மாணவி எனக்கு வரலாற்றுப் பாடம் கற்பித்த கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2012-ஆம் ஆண்டு. நான் இப்பகுதிப் பள்ளியொன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பில் தேறியவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொண்டிருந்தேன். அதில் 'தேசிய இனம்' என்றொரு கட்டம் உண்டு. பல்லாண்டுப் பழக்கத்தால் என் கை அக்கட்டத்தில் 'இந்தியர்' என்று எழுதிவிட்டது. எதிரே நின்ற மாணவி மெல்லிய குரலில், "ஐயா, அது தவறு. நாங்கள் முகாம்" என்றாள். அவள் 1996-இல் திண்டிவனம் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். இலங்கையைப் படத்தில் அன்றிக் கண்டவள் அல்லள். வேறொரு தாளை எடுத்து 'இலங்கை' என்று எழுதினேன். அவள் அதைப் படித்துப் பார்த்து, "நான் போகாத நாடு ஐயா" என்று சொல்லி வணங்கிச் சென்றாள். முப்பதாண்டு வரலாறு கற்பித்த எனக்கு அன்று மறுமொழி தோன்றவில்லை. அதன் பின்னரே அவள் குடும்பத்தின் கதையைக் கேட்டறிந்தேன். அது ஓர் இனத்தின் கதையாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கையின் மலைநாட்டில் காப்பி பயிரிட்டனர். காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை பயிரிட்டனர். காடழிக்கவும் கொழுந்து பறிக்கவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஏழை மக்களைக் கங்காணிமார் திரட்டிச் சென்றனர். அம்மாணவியின் முன்னோரும் அவ்வாறு சென்றவர்களே. அவள் பாட்டனார் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்.

1948 பெப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே அங்குக் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, ஒருவர் அந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை அங்குப் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தோர் என்றோ சான்று காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த கூலித் தொழிலாளியின் தந்தைக்குப் பிறப்புச் சான்று ஏது? சுமார் 7 இலட்சம் மக்கள் குடியுரிமை இழந்தனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர்கள் எங்கும் போகவில்லை, எக்குற்றமும் செய்யவில்லை. முதல்நாள் பறித்த அதே கொழுந்தைத்தான் மறுநாளும் பறித்தனர். சட்டம் மாறியது, அவர்கள் நாடற்றவர் ஆயினர்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன. எந்தப் பங்கில் சேர்வது என்று அம்மக்களை முன்னதாகக் கேட்டவர் இலர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தவர்களுள் ஒரு பகுதியினருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை தரப்பட்டது.

அம்மாணவியின் பாட்டனார் கப்பலேறவில்லை. 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மலைநாட்டை விட்டு வவுனியாவுக்குப் போனார். 1983 சூலையில் பெருங்கலவரம் மூண்டது. பின்னர்ப் போர் வந்தது. 1990-இல் அக்குடும்பம் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து கீழ்ப்புத்துப்பட்டுக்கு அனுப்பப்பட்டது. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். உடன்படிக்கையின் கீழ்க் கப்பலில் வந்த உறவினர் 'தாயகம் திரும்பியோர்' ஆயினர், குடிமக்கள் ஆயினர். உயிருக்கு அஞ்சிப் படகில் வந்தவர் 'அகதி' ஆயினர். ஒரே பூட்டனின் பேரப்பிள்ளைகளைப் பிரித்தது எது? கப்பலும் படகும்தான்.

அகதிகளின் பிள்ளைகள் நம் மண்ணில் பிறந்தாலும் ஏன் குடிமக்கள் ஆகவில்லை? இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்குப் பிறந்தவர் யாவரும் குடிமக்களே. ஆனால் 1987 சூலை 1-ஆம் நாள் முதல், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் முதல், மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராகவும் இருத்தல் ஆகாது என்றாயிற்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த சிலருக்கு வழி திறந்தது. அவற்றுள் இலங்கை இல்லை. ஆகவே முகாமில் பிறந்த பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கலாம், கல்லூரியிலும் சேரலாம். படித்து முடித்தபின் அரசு வேலைக்கோ வாக்குச் சாவடிக்கோ செல்ல இயலாது.

இதற்கு மறுப்பும் உண்டு. தன் எல்லைக்குள் வருவோர் யார் என்று அறியும் உரிமை ஒரு நாட்டுக்கு வேண்டாமா என்பர். வேண்டும்; ஐயமில்லை. ஆனால் இம்மக்கள் ஒளிந்து வாழ்பவர் அல்லர். அவர்கள் பெயர்கள் அரசின் பதிவேட்டில் உள்ளன. அவர்களைக் கணக்கெடுப்பதும் அரசே. தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழும் சுமார் 58,000 பேரை நாம் நன்கறிவோம். அறிந்திருந்தும் ஏற்காமலிருப்பதுதான் குறை.

உப்புக்கும் ஒரு சட்டம் இருந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் காந்தியடிகள் தண்டியிலும் இராசாசி வேதாரணியத்திலும் ஒரு பிடி உப்பை எடுத்தபோது, அது குற்றம். கடல் தந்ததை எடுத்தவர் சிறை சென்றனர். 1947-இல் உப்புவரி நீங்கிற்று. உப்பு மாறவில்லை, எடுத்த கையும் மாறவில்லை; மாறியது சட்டமே. 'சட்டத்துக்குப் புறம்பானவர்' என்பது மனிதனின் பிறவிக் குணம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் மாறக்கூடியது என்பதற்கு இலங்கையே மற்றொரு சான்று. அங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் குடியுரிமை வழங்கின. இங்கும் அசைவு தெரிகிறது. 2019 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான அகதிகளின் குடியுரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு அரசைப் பணித்தது. 2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 1987-க்கு முன் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர் நீதிமன்றத்தின் வழியே கடவுச்சீட்டுப் பெற்று, 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். ஆனால் ஒவ்வொருவரும் நீதிமன்றப் படியேற முடியுமா? இங்குப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உரிமை தரும் திருத்தம் சட்டத்திலேயே வருவதுதான் முறை. தாயகம் திரும்ப விரும்புவோர்க்கு அவ்வழியும் திறந்திருக்க வேண்டும். இம்முறையேனும் அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் ஆசிரியர் ஆவீர்கள். சிலர் வட்டாட்சியர் ஆவீர்கள். சிலர் சட்டமன்றத்திலும் அமர்வீர்கள். அன்று ஒரு தாளில் ஒரு கட்டத்தை நிரப்ப நேரும்போது, எதிரே நிற்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 2012-இல் நான் கிழித்தெறிந்த அந்த முதல் தாளை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். சட்டப்படி நான் எழுதியது பிழைதான். அதைப் பிழையில்லாததாக ஆக்கும் பணி உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.